ஏமி ஜான்சன் அம்மையார்

இலண்டன் மாநகரையும் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரையும் உலக உருண்டையின்மேல் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடித்தால், அவ்விரு நகர்க்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 8,600 மைல் என்பது புலனாகும். இத்தொலைவு என்றும் ஒரு தன்மையது. மாந்தர் முயற்சியால் ஒரு சாணும் குறைவதன்று. ஆயின், அதனைக் கடத்தற்கு வேண்டிய காலமோ தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி வந்துள்ளது. கப்பலேறிச் சென்றார்க்கு ஒரு திங்களுக்கு மேற்பட்டது. 1919-ஆம் ஆண்டில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவர், துணைவர் இருவரோடு வானவழியே சென்றபோது ஏறக்குறைய 28 நாள் கழிந்தன. 1928-ஆம் ஆண்டில் பெர்ட் ஹிங்க்ளர் என்பார் தனியராய்ப் பறந்து 15½ நாளில் அக்கரை சேர்ந்தார். 2018-ஆம் ஆண்டில் இலண்டனுக்கும், ஆஸ்திரேலியாவின் மேற்கரையிலுள்ள பெர்த் நகருக்கும் இடையே எங்கும் இறங்காது செல்லும் விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. ஏறக்குறைய 9,000 மைலை அவ்விமானம் 17 மணி நேர அளவிற் கடந்துவிடுகின்றது.

இங்ஙனம் காலம் சுருங்கியது தானே நிகழ்ந்ததன்று. பெயர் தெரிந்தாரும் தெரியாதாருமாகப் பலர் தம் உடலையும் உயிரையும் பணயமாக வைத்து ஈட்டித் தந்த ஊதியம் அது. அவருள் ஒருவர், இலண்டனிலிருந்து டார்வின் வரை தன்னந்தனியே பறந்த முதற் பெண்மணியாகிய ஏமி ஜான்சன் அம்மையார். அவர்தம் வாழ்க்கையை ஒருவாறு சுருக்கி உரைப்பதே யாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் வில்லியம் ஜான்சன் மீன் வாணிகத்தில் ஈடுபட்ட செல்வர். பெண்மக்கள் நால்வருள் ஏமியே மூத்தவர். உயர்நிலைக் கல்வி முடித்தபின் ஷெபீல்டுப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்று, 1925-ஆம் ஆண்டிற் கலைப்பட்டம் பெற்றார். அக்காலத்துப் பெண்பாலார் பட்டம் பெறுதல் அருமை. பெற்றபின் அதற்கேற்ற அலுவல் பெறுதல் அதனினும் அருமை. அம்மையார் இலண்டனுக்குச் சென்று, வழக்குரைஞர் ஒருவர் அலுவலகத்தில் எழுத்தாளராய் அமர்ந்தார். நாள்தோறும் தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்து பிறர் சொற்களை எழுதுவது அவர் தொழிலாயிற்று.

பட்டம் பெற்று வெளிச்செல்லும் மாணவர் பலர்க்கு நேரும் நிலைமை இதுவன்றோ? கற்றது ஒன்று, வயிற்றுக்காகச் செய்வது ஒன்று, உள்ளம் நாடுவது மற்றொன்று. அம்மையார்க்கும் உள்ளம் எதனை நாடுகின்றதென்பது நெடுநாள் விளங்காமலே இருந்தது.

வான் வேட்கை

முன்னொரு நாள் ஹல் நகரிற் பொருள் பெற்று மக்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் விமானம் ஒன்று வந்திருந்தபோது, தங்கையோடு அதில் ஏறிச் சிறிது நேரம் பறந்தார். அப்பறப்பு அவரைப் பெரிதுங் கவர்ந்துவிடவில்லை. ஆயின் இலண்டன் வாழ்க்கையில் ஒரு வெறுமை தோன்றியபோது, நகரின் புறத்தேயிருந்த ஸ்டாக் லேன் விமானத் திடலுக்கு ஒரு நாள் சென்றார். அங்கே விமானங்கள் எழுவதும் இறங்குவதுங் கண்டார். தம் உள்ளம் இத்தனை நாளும் தேடியது இதுவே எனத் தெளிந்தார்.

விமானம் ஓட்டக் கற்றல் எளிதாயிருக்கவில்லை. தொடக்கத்தில் அவர் கைத்திறன் இல்லாதவர் எனவே கருதப்பட்டார். தனியே பறக்க விடப்படுவதற்கு முன் மற்றையோரினும் மிகுதியான நேரம் ஆசிரியரோடு பழக வேண்டியிருந்தது. எனினும் விட்டாரல்லர். 1929-ஆம் ஆண்டில் ஓட்டுநர்க்குரிய உரிமைச் சீட்டைப் பெற்றார். அதனோடும் அமையவில்லை. விமானத்தை ஓட்டத் தெரிந்து, அதன் உறுப்புக்களை அறியாதிருத்தல் அவர்க்குக் குறையாகத் தோன்றிற்று. விமானக் கொட்டகையில் எண்ணெயும் கரியும் படிந்த ஆடையோடு நின்று, இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் பயின்றார். அங்குள்ள தொழிலாளர் முதலில் நகைத்தனர், பின்னர் மதித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் விமானப் பழுது பார்ப்போர்க்குரிய உரிமைச் சீட்டையும் பெற்றார். பிரித்தானியப் பெண்டிருள் அதனை முதன்முதற் பெற்றவர் அவரே.

இக்கல்வியே பின்னர் அவர் உயிரைக் காத்ததென்பதை நாம் மேலே காண்போம்.

நேராய்க் கிழித்த கோடு

ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்க வேண்டுமென்னும் எண்ணம் எழுந்தபோது அம்மையார் பெற்றிருந்த பயிற்சியை நினைப்பின் வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். அதுகாறும் அவர் தனியே சென்ற நெடும்பயணம் இலண்டனிலிருந்து ஹல் நகருக்குச் சென்றதே. அது 150 மைல் அளவினது. அவ்வளவே பறந்தவர் 11,000 மைல் பறக்கத் துணிந்தார். பொருளுதவி நாடிப் பலர்க்கும் எழுதினார். மறுமொழி பெரும்பாலும் மறுப்பாகவே வந்தது. இறுதியில் எண்ணெய் வாணிகராகிய வேக்பீல்டுப் பிரபுவும் தந்தையாரும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். 600 பவுன் விலையில் ஒரு பழைய விமானம் வாங்கப்பட்டது. அது ‘ஜிப்சி மாத்’ என்னும் வகையைச் சார்ந்தது; மரச்சட்டமும் துணிப்போர்வையுமாய் அமைந்த சிற்றூர்தி. இயந்திரத்தின் ஆற்றல் 100 குதிரைத் திறன் அளவினது. ஓட்டுநர் அமரும் இடத்துக்கு மேற்கூரை இல்லை. செய்தி பேசுங் கருவியும் இல்லை. தந்தையாரின் வாணிகக் குறிப்பெயராகிய ‘ஜேசன்’ என்பதையே அம்மையார் அதற்குப் பெயராக இட்டார்.

வழி எதுவென்பது அடுத்த வினா. ஹிங்க்ளர் உரோமாபுரி, மால்ட்டாத் தீவு, ஆப்பிரிக்காவின் வடகரை வழியாகச் சுற்றிச் சென்றிருந்தார். அம்மையாரோ தேசப்படத்தின்மேல் அளவுகோலை வைத்து, இயன்ற அளவு நேராக ஒரு கோடு கிழித்தார். அக்கோடு வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ, பாக்தாது, கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர், யாவா, திமோர் என்று சென்றது. நேர்வழியாயின் நாள் குறையும், ஹிங்க்ளரின் 15½ நாளை வெல்லலாம் என்பது அவர் கருத்து. ஆனால் சிற்றூர்தி ஒரே பறப்பில் நெடுந்தொலைவு செல்லாதாகலின், பெட்ரோல் கிடைக்கும் ஊர்களை நாடி இடையிடையே வளைந்து செல்ல வேண்டியிருந்தது. இக்காரணத்தால், உருண்டையின்மேல் 8,600 மைலாயிருப்பது பறக்கும்போது 11,000 மைலாயிற்று. கோட்டின்மேற் காணாத மலைகளும் மணற்காடுகளும் நிலத்தின்மேல் நின்றன.

கராச்சி வரை

1930-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் காலை, இலண்டனை அடுத்த குராய்டன் விமானத் திடலிலிருந்து ஜேசன் எழுந்தது. வழியனுப்ப வந்தவர் தந்தையாரும் நண்பர் சிலருமே. அப்பொழுது அம்மையார்க்கு அகவை 26.

மிகுதியான பெட்ரோலை வைத்தற்கு விமானத்திற் புதிய தொட்டிகள் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து மேற்றொட்டிக்குப் பெட்ரோலைப் பறந்துகொண்டே கையால் இறைக்க வேண்டும். அந்நாற்றம் தலையைச் சுற்றச் செய்தது. முதல்நாள் வியன்னாவையும், மறுநாள் கான்ஸ்டாண்டிநோபிளையும் அடைந்தார். மூன்றாம் நாள் டாரஸ் மலைத்தொடர் எதிர்ப்பட்டது. அம்மலையின் கொடுமுடிகளோ 12,000 அடி அளவின. சுமை மிகுந்த அச்சிறு விமானம் அவ்வுயரம் ஏற மறுத்து இருமிற்று. எனவே கீழிறங்கி, இருப்புப்பாதை செல்லும் கணவாயினூடே வளைந்து வளைந்து பறந்தார். மேகம் சூழ்ந்து வழியை மறைத்த ஒரு கணத்தில் பாறை மிக அருகே தோன்றிற்று. திருப்பிக்கொண்டு தப்பினார்.

நான்காம் நாள் பாக்தாதை நோக்கிச் செல்லுங்கால் மணற்புயல் வந்து மோதிற்று. விமானம் ஆயிரக்கணக்கான அடி கீழே வீசப்பட்டது. கண் தெரியாத நிலையில் பாலையிலே இறக்கினார். காற்று விமானத்தைப் புரட்டிவிடாதபடி மூட்டை முடிச்சுக்களைச் சக்கரங்களின் முன்னும் பின்னும் அடுக்கி, வாற்புறத்தைத் தம் உடலாலேயே அழுத்திப் பிடித்திருந்தார். தொலைவில் நாய்கள் குரைக்கும் ஓசை கேட்டது. கைத்துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் போல அவ்வாறே காத்திருந்தார். புயல் தணிந்தபின் எழுந்து பாக்தாதைச் சேர்ந்தார்.

ஆறாம் நாள் கராச்சியில் இறங்கியபோது உலகம் விழித்தது. ஹிங்க்ளர் எட்டு நாளில் வந்த இடத்திற்கு இவர் ஆறே நாளில் வந்துவிட்டார். அதுவரை ஒரு மூலையிற் சிறிதாக அச்சிட்ட பத்திரிகைகள் முதற்பக்கத்தில் எழுதத் தொடங்கின. இரண்டு நாள் முந்தியுள்ளார். இனி வெற்றி உறுதி என்று பலருங் கருதினர்.

இன்செயின் மாணவர்

ஆயின் அவ்விரண்டு நாளும் கைநழுவிப் போயின. கராச்சியிலிருந்து அலகாபாத்தை நோக்கி வந்தவர், எதிர்க்காற்றால் பெட்ரோல் தீரும் நிலையில் ஜான்சியில் படைவீரர் அணிவகுக்கும் திடலில் இறங்கினார். விமானம் ஒரு கட்டடத்தின்மேல் மோத, இறக்கை கிழிந்தது. அவ்வூர்த் தச்சரும் தையற்காரரும் கூடி அதனைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். பின்னர் அலகாபாத்தையும் கல்கத்தாவையும் கடந்து, மே 13-ஆம் நாள் பர்மாவை அடைந்தார்.

பருவமழை தொடங்கிவிட்டது. மழைத்திரைக்குள் இரங்கூன் குதிரைப் பந்தயத் திடலைத் தேடியவர் அதனைக் காணாது, பக்கத்தூராகிய இன்செயினில் ஒரு வெளியைக் கண்டு இறங்கினார். அது அரசினர் தொழிற்கல்விக் கழகத்தின் விளையாட்டிடம். ஓடிவந்த விமானம் எல்லையிலிருந்த ஒரு பள்ளத்தில் தலைகுப்புற வீழ்ந்தது. சுழல்விசிறி முறிந்தது, இறக்கை நொறுங்கியது, சக்கரப் பகுதி சிதைந்தது. அம்மையார் கண்ணீர் விட்டார்.

அவர் வந்து வீழ்ந்த இடம் ஒரு தொழிற்கல்விக் கழகமாயிருந்தது அருள்நிகழ்ச்சி என்றே கூறல் வேண்டும். அக்கழகத்தின் ஆசிரியரும் மாணவரும் முன்வந்தனர். முறிந்த கட்டைகளைப் பார்த்து அவைபோலப் புதியன செதுக்கினர். வளைந்த இரும்பை நிமிர்த்தினர். முன்னெச்சரிக்கையாக விமானத்தின் பக்கத்திற் கட்டிக் கொண்டுவந்திருந்த மற்றொரு சுழல்விசிறி பொருத்தப்பட்டது. அம்மையாரும் உடன் நின்று, இயந்திரத்தைத் தம் கையாலேயே துப்புரவு செய்தார். கொட்டகையிற் கற்ற கல்வி இங்குப் பயன்பட்டது. மூன்று நாளில் ஜேசன் மீண்டும் பறக்கும் நிலைமை எய்திற்று.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் யாம் சிறிது நின்று எண்ணுகின்றோம். அம்மையாரின் பெயரை உலகம் அறியும். அம்மழை நாளில் இறக்கை செதுக்கிய மாணவர் பெயரை அறிவார் எவர்? அவர் எம்மை ஒத்த இளைஞர், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அன்று கராச்சியும் கல்கத்தாவும் இரங்கூனும் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்தன. ஆளுஞ் சாதியிற் பிறந்தமையால் அம்மையார்க்கு வாய்த்த வசதிகள் பல. ஆயினும் இறக்கை முறிந்து நின்ற ஒருவர்க்கு ஓர் அயல்நாட்டுப் பள்ளியின் கைகள் உதவின என்பது அவ்வாட்சியெல்லாம் மறைந்தபின்னும் மறையாத உண்மையாகும்.

கடலைக் கடந்தது

பர்மாவை விட்டெழுந்தபின் பாங்காக்கு, சிங்கோரா, சிங்கப்பூர் என்று வழி நீண்டது. யாவாத் தீவில் ஜோமால் என்னுமிடத்தில் இறங்கியபோது, நிலத்தில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் கிழித்தன. புண்ணுக்கு இடும் பிளாஸ்திரி கொண்டு ஒட்டிச் சரிசெய்தார். திமோர்த் தீவில் குறித்த இடத்தை அடையாது, இருள் வருமுன் ஒரு சிற்றூரின் புறத்தே இறங்க நேர்ந்தது. அங்கிருந்து செய்தி அனுப்ப வழியில்லை. எனவே ஒரு நாள் முழுவதும் அவர் எங்குளர் என்பது உலகிற்குத் தெரியவில்லை. கடலில் வீழ்ந்தாரோ என்று அஞ்சினர்.

எஞ்சியது திமோர்க் கடல். ஏறத்தாழ 500 மைல் அகலம் தண்ணீரன்றி வேறில்லை. இயந்திரம் ஒருமுறை நின்றால் அதுவே முடிவு. நடுக்கடலில் அவரை எதிர்பார்த்து நின்ற எண்ணெய்க் கப்பல் ஒன்றைக் கண்டபோது தாம் வழி தவறவில்லை என்று தெளிந்தார். 1930 மே 24-ஆம் நாள் பிற்பகல் டார்வின் நகரில் ஜேசன் இறங்கிற்று. புறப்பட்டு 19½ நாள் ஆகியிருந்தது. ஹிங்க்ளரின் காலத்தை வெல்ல இயலவில்லை. நான்கு நாள் பிந்திவிட்டார்.

தொலைவும் காலமும்

இங்கு ஒரு சிறு கணக்கை நோக்குவோமாக. ஜேசன் மணிக்கு 80 மைல் அளவிற் பறக்க வல்லது. அவ்வாறாயின் 11,000 மைலைக் கடக்க ஏறக்குறைய 140 மணி நேரம் போதும். 19½ நாள் என்பதோ 468 மணி நேரம். எனவே அப்பயணத்தில் வானிற் கழிந்த காலம் மூன்றில் ஒரு பங்கினுங் குறைவு. மற்றைய காலமெல்லாம் தரையிலே கழிந்தது. பெட்ரோல் நிரப்புதல், இயந்திரத்தைத் துடைத்தல், கிழிந்ததைத் தைத்தல், முறிந்ததை ஒட்டுதல், மழை விடக் காத்திருத்தல், இரண்டு மூன்று மணி நேரம் உறங்குதல் ஆகியவற்றிற் சென்றது. ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லும் காலத்தைக் குறுக்குவது விரைவு மட்டுமன்று என்பது இதனாற் பெறப்படும். நெடுந்தொலைவு தாங்கும் இயந்திரமும், இறங்குதற்கேற்ற திடலும், வானிலை கூறுவாரும், பழுது தீர்ப்பாரும் வழிநெடுக அமைந்த பின்னரே காலம் உண்மையிற் சுருங்கிற்று. அவையெல்லாம் இல்லாத நாளில், அவ்வளவு வேலையையும் ஒரு பெண்மணி தம் இரு கைகளாலும், கண்ட இடத்தாரின் உதவியாலும் செய்துகொண்டு சென்றார். இதனை நினைத்தால், நான்கு நாள் பிந்தியது தோல்வியாகத் தோன்றவில்லை. ஆனால் அம்மையார்க்கு அது நெடுநாள் மனக்குறையாகவே இருந்தது. பிறர் வெற்றி என்று பாராட்டுவதைத் தாம் தோல்வி என்று எண்ணி வருந்துவோர் உலகில் உண்டு.

புகழும் பின்னாட்களும்

புகழ் பெருவெள்ளம்போல் வந்தது. அரசர் பட்டம் வழங்கினார். பத்திரிகை ஒன்று 10,000 பவுன் பரிசளித்தது. அவர் பெயரால் இசைப்பாட்டும் எழுந்தது. டார்வினை விட்டுப் பிறவூர்களுக்குச் செல்லும் வழியில், பிரிஸ்பேனில் இறங்கும்போது ஜேசன் வேலியைத் தாண்டி வீழ்ந்து சேதமுற்றது. அடுத்தடுத்து நிகழ்ந்த வரவேற்புக்களால் உடலும் உள்ளமும் தளர்ந்தார். தனிமையிற் பாலைப்புயலை எதிர்த்து நின்றவர்க்கு மக்கட்கூட்டத்தை எதிர்கொள்ளுதல் கடினமாயிற்று. ஜேசன் பின்னர் இலண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலைக்கு அளிக்கப்பட்டது.

எனினும் பறத்தலை விட்டாரல்லர். 1931-ஆம் ஆண்டில் தமக்கு இயந்திரக் கல்வி புகட்டிய ஜாக் ஹம்பிரீஸ் என்பாருடன் இலண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து சைபீரியா வழியாக டோக்கியோ சென்றார். 1932-ஆம் ஆண்டில் ஜிம் மாலிசன் என்னும் விமான வீரரை மணந்தார். அவ்வாண்டே இலண்டனிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப்டவுனுக்குத் தனியே பறந்து, 4 நாள் 6 மணி 54 நிமிடத்திற் சேர்ந்தார். முன்னர்க் குறைந்த காலத்திற் சென்றவர் அவர் கணவரே. அவரினும் பத்து மணிக்கு மேல் முந்தினார். 1933-ஆம் ஆண்டில் கணவரோடு அத்லாந்திக்கு மாகடலைக் கடந்து, நியூயார்க்கை அணுகும் வேளையிற் பெட்ரோல் தீர்ந்து, பிரிட்ஜ்போர்ட்டு என்னும் ஊரில் விமானம் வீழ்ந்து இருவருங் காயமுற்றனர். 1934-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இருவரும் இங்கிலாந்திலிருந்து கராச்சியை ஒரு நாளினுங் குறைந்த காலத்தில் அடைந்தனர். நான்கு ஆண்டுகட்கு முன் ஆறு நாளில் அடைந்து உலகை வியக்கச் செய்த அதே கராச்சி! ஆயின் இயந்திரப் பழுதால் அலகாபாத்தோடு பந்தயத்தினின்று விலக நேர்ந்தது. அப்பந்தயத்தில் வென்றவர் 71 மணி நேரத்தில் மெல்பர்ன் சென்றனர். 1936-ஆம் ஆண்டில் அம்மையார் மீண்டுங் கேப்டவுனுக்குப் பறந்து, 3 நாள் 6 மணி 26 நிமிடத்திற் சேர்ந்தார். அதுவே அவர்தம் இறுதி நெடும்பயணம். 1938-இல் மணவாழ்க்கையும் முறிந்தது.

இறுதிப் பயணம்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. புகழ்பெற்ற அம்மையார், 1940-ஆம் ஆண்டில் வானூர்திப் போக்குவரத்துத் துணைப்படையிற் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் விமானங்களை வேண்டிய படைத்தளங்களிற் கொண்டுபோய் விடுவதே அப்படையின் பணி. பரிசில்லை, பாராட்டில்லை, வென்று காட்டவேண்டிய காலக்கணக்குமில்லை. ஒரு விமானத்தை எடுத்தவிடத்திலிருந்து கொடுக்கவேண்டிய இடத்திற் பழுதின்றிச் சேர்ப்பித்தல் ஒன்றே கடமை. அதனை அவர் மகிழ்ச்சியோடு செய்துவந்தார்.

1941-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், ஸ்காத்துலாந்திலிருந்து கொண்டுவந்த விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிளாக்பூல் என்னும் ஊரிலிருந்து ஆக்ஸ்போர்டை அடுத்த கிட்லிங்டன் தளத்தை நோக்கி நண்பகற்கு முன் புறப்பட்டார். தொலைவு 200 மைலினுங் குறைவு. ஒன்றரை மணி நேரப் பயணம். முன்னாளில் அவர் இலண்டனிலிருந்து ஹல்லுக்குச் சென்ற தொலைவை ஒத்ததே. ஆயின் வானம் முகில் மூடி, பனி உறைந்து கிடந்தது. செய்திக் கருவி அவ்விமானத்தில் இல்லை. வழி தெரியாது முகிலுக்கு மேல் நெடுநேரம் பறந்தார் போலும். மூன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்டபின், செல்லவேண்டிய இடத்திற்கு ஏறத்தாழ 100 மைல் கிழக்கே, தேம்சு ஆற்றின் கழிமுகத்தில், ஹெர்ன் பே என்னும் ஊருக்கு அப்பால், ஒருவர் பாராசூட்டிற் கடலில் இறங்குவதைக் கப்பல் மாலுமிகள் கண்டனர்.

‘ஹேசல்மியர்’ என்னும் அக்கப்பல் விரைந்து சென்றது. கடல் கொந்தளித்தது, உறைபனிக் காலம். கயிறு வீசியும் அவரை எட்டவில்லை. அலை அவரைக் கப்பலின் பின்புறம் இழுத்துச் சென்றது. கப்பற்றலைவர் வால்ட்டர் பிளெட்சர் என்பார், நீரிற் கிடப்பவர் யாரெனக் கேளாது, தாமே குதித்து நீந்தினார். குளிரிற் கையுங் காலும் விறைத்த அவரை மாலுமிகள் மீட்டனர். ஆயினும் அவர் பிழைக்கவில்லை. அம்மையாரின் உடல் கிடைக்கவேயில்லை. அவருடைய கைப்பைகளே நீரிலிருந்து எடுக்கப்பட்டன. அப்பொழுது அம்மையார்க்கு அகவை 37.

பிளெட்சர் தாம் காக்க முனைந்தவர் உலகப் புகழ் வாய்ந்தவர் என்று அறிந்து குதித்தாரல்லர். நண்பர்க்காக உயிரைக் கொடுத்தலினும் மேலான அன்பில்லை என்று திருமறை கற்பிப்பதை நாம் அறிவோம். முன்பின் அறியாத ஒருவர்க்காக உயிர் கொடுத்த இவரை எவ்வாறு போற்றுவது! இறந்தபின் இவர்க்கு ஆல்பர்ட்டுப் பதக்கம் வழங்கப்பட்டது.

முடிவுரை

11,000 மைல் தூரத்தில் மலையும் மணலும் கடலும் மழையும் கொல்ல இயலாதவரை, 200 மைலினுங் குறைந்த வழி கொண்டுசென்றது. தொலைவைக் கொண்டு இடரை அளக்க முடியாதென்பதை இதனால் அறிகின்றோம். காலத்தைக் கொண்டு வெற்றியை அளக்க முடியாதென்பதையும் அறிகின்றோம். 19½ நாள் என்னும் கணக்கு விரைவிலேயே பழங்கதையாயிற்று. 15½ நாளும் அவ்வாறே ஆயிற்று. இன்று 17 மணி என்பதும் ஒரு நாள் நீண்டதாகத் தோன்றலாம். இக்கணக்குக்கள் மாறுவன. மாறாது நிற்பது, ஆற்றல் குறைந்தவர் எனக் கருதப்பட்ட ஓர் எழுத்தாளப் பெண், கருவியின் உள்ளுறுப்பு வரை கற்றுத் தெளிந்து, கிழித்த கோட்டைப் பற்றிக்கொண்டு இறுதிவரை சென்ற உறுதியே ஆகும்.

அன்பர்களே, நம்மிற் பலர் விரைவிற் கல்லூரியை விட்டுப் பல திசைகளிலும் செல்வோம். நம் வழி நெடிதாயினும் குறிதாயினும் ஆகுக. முந்தினோமா பிந்தினோமா என்று கலங்காது, கற்க வேண்டியதை அடிவரை கற்று, ஏற்ற பணியைச் சேர்க்க வேண்டிய இடத்திற் சேர்ப்போமாக. இறக்கை முறிந்தார் எவரேனும் நம் வாயிலில் வந்து வீழ்ந்தால், இன்செயின் மாணவரைப்போல், புத்தகத்தை மூடிவைத்து எழுந்து நிற்போமாக.